வீட்டில் யாரோ சந்தோஷமாக இருக்கிறார்கள்

காலையில் வாஷ்பேசின் முன்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் யாரோ பாடும் சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் காரியமாகக் கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன். பிரஷ்ஷும் நுரையுமாக அடைத்துக் கிடந்தது, பாட வழியே இல்லை. அப்படியானால் பாடுவது நான் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு அடுத்த கேள்வியும் வந்தது. நான் இல்லையென்றால் யார்?

மற்றவர்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால், யாருக்கோ இன்று நல்ல மூடு என்பார்கள். எங்கள் வீட்டில் மாத்திரை டப்பாவைத் தேடுவார்கள். காரணம் நான்தான். எனக்கு பைபோலார். தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறார்கள்; கேட்பதற்கு ஏதோ மின்சாரக் கம்பி சமாசாரம்போல மரியாதையாக இருக்கிறது. எல்லோருக்கும் மனசு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். என்னுடையது ஏறினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும், இறங்கினால் தரையைத் தோண்டிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலத்தில் நான் நல்ல மனிதன். கரண்ட் பில்கூட நேரத்துக்குக் கட்டிவிடுவேன்.

பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னறையில் பல்செட் செய்வது என் தொழில். முன்னறையில் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, ஈறு வடித்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவேன். அப்புறம் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை அடைத்து, வேகவைத்து, பாலிஷ் போடுவேன். பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் சூட்சுமம். வயதான ஆளுக்கு வயதான பல் வைக்க வேண்டும். லேசான மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் தேய்மானம். அப்போதுதான் அது அவர் பல்லாக இருக்கும்.

முதல் தடவை மனசு ஏறியபோது இந்தச் சூட்சுமமெல்லாம் எனக்கு அற்பமாகத் தெரிந்தது. மனித குலம் போதுமான அளவு சிரிக்கவில்லை, அதைச் சரிசெய்யத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். யார் வந்தாலும் இருப்பதிலேயே வெள்ளையான பல், இருப்பதிலேயே பெரிய பல். அந்தச் சமயத்தில் பல்செட் வாங்கிப்போன ஒருவர் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். பாவம், அவர் உதட்டை மூடிக்கொண்டாலும் முன்பல் இரண்டும் வெளியே நின்று வரவேற்பு கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்.

"துக்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி, 'எடுத்துடலாமா'ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். மொத்தச் சொந்தக்காரங்களும் அடிக்க வந்துட்டாங்க. என்னைப் பாத்தா உனக்கு என்னய்யா தோணுச்சு?"

"நீங்க சந்தோஷமா இருக்கணும்னு தோணுச்சு" என்றேன். சத்தியமாக அதுதான் தோன்றியது.

டாக்டரம்மா அவருக்கு வேறு செட் செய்துகொடுக்கச் சொன்னார். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நான் சொந்தமாக கிளினிக் ஆரம்பிப்பதில் மும்முரமாக இருந்தேன். பல் டாக்டர் இல்லாத பல் கிளினிக். மூடிப்போன ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய நாற்காலி ஒன்றை வாங்கினேன். தலைக்கு மேல் விளக்கு, பக்கத்தில் எச்சில் துப்பும் கிண்ணம், சாய்ந்தால் கட்டில் மாதிரி நீளும். வாசல் கதவைக் கழற்றி அதை ஹாலில் கொண்டுவந்து இறக்கினோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க மறுபடியும் கதவைக் கழற்ற வேண்டும். அந்தத் தெம்பு எங்கள் யாருக்கும் இல்லை. மனைவி அதில் துணி மடித்து வைக்கிறாள். விருந்தாளிகள் உட்கார்ந்தால் தங்களையறியாமல் வாயைத் திறக்கிறார்கள்.

மிச்சத்தை விரிவாகச் சொல்லி என் மானத்தை நானே வாங்கிக்கொள்வானேன். மாடிப்படியில் நின்று அக்கம்பக்கத்துக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். போலீஸ் வந்தது. மச்சான் வந்தார். எல்லோருமாகச் சேர்ந்து சோபாவைத் தூக்குகிற மாதிரி, நீ அந்தப் பக்கம் பிடி, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன் என்று என்னைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சமநிலைக்கு வந்தபோது எனக்கு ஒரு நோய் இருப்பதாகவும், அதற்கு ஆயுசுக்கும் மாத்திரை உண்டு என்றும் சொன்னார்கள்.

ஏறினவன் இறங்கவும் வேண்டுமே. பிறகு வந்த மாதங்களில் நான் செய்த பல்லெல்லாம் மஞ்சளாக, தேய்ந்து, ஒன்றிரண்டு கோணலாகவே வந்தன. ஆச்சரியம், ஜனங்கள் கொண்டாடினார்கள். "பொறந்ததுலேருந்து இருக்கிற பல்லு மாதிரியே இருக்கு!" என் சோகத்துக்கு அப்படி ஒரு கிராக்கி. டாக்டரம்மா மட்டும் வியாபாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கஸ்டமர் எல்லாம் திருப்திதான். ஆனா நீங்க சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் காலையில் செருப்பை மாட்டுவதே எனக்கு மலையாக இருந்தது. அதைக் கேலி பண்ண எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

இப்போது லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். மனசு நடுங்குவது நின்றது, கை நடுங்க ஆரம்பித்தது. முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொண்டுதான் மெழுகில் பல் நடுகிறேன். எதேச்சையாகப் பின்னறையில் எட்டிப் பார்க்கும் நோயாளிகள், இந்த ஆளா நமக்குப் பல் செய்கிறான் என்று முகம் வெளுத்துப் போகிறார்கள்.

என் மனநல டாக்டர் அப்போதே என் மனைவியை உட்காரவைத்து அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். தூக்கம் குறையும், பேச்சு கூடும், புதுப்புதுத் திட்டமாக வரும், கை தாராளமாகும். மனைவி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். "குளிக்கும்போது பாடுவார், டாக்டர்." அன்றிலிருந்து வீட்டில் கண்கொத்திப் பாம்பாகக் காவல். ஒரு ஜோக்குக்கு நான் கொஞ்சம் உரக்கச் சிரித்தால், "நேத்து ஒழுங்காத் தூங்கினீங்களா?" பளிச்சென்று சட்டை போட்டால், மச்சான் தற்செயலாக அந்தப் பக்கம் வந்துவிடுவார். எங்கள் வீட்டில் வருத்தமாக இருக்க எனக்கு முழுச் சுதந்திரம் உண்டு. சந்தோஷமாக இருந்தால்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் அன்று காலை பாட்டுக் கேட்டது. நான் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு என் மகள் வெளியே வந்தாள்.

"என்னப்பா, இங்கயே நிக்கிறீங்க? உடம்பு சரியில்லையா? டீ போடட்டுமா? இன்னிக்கு வெயிலே இல்ல பாருங்க, சூப்பரா இருக்குல்ல?"

ஒரே மூச்சில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள் அவள். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்க நிதானமாகக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அளந்துதான் பேசுவாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குப் புதிய செய்தி.

அன்றிலிருந்து நான் துப்பறிய ஆரம்பித்தேன். யாரும் எழுந்திருக்கும் முன்பே அவள் எழுந்து தலைவாரித் தயாராக இருந்தாள். சாப்பாட்டை அளைந்தாள். தன் அறைக்கு மஞ்சள் திரைச்சீலை வாங்கி மாட்டினாள். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவள், நீச்சல் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அந்தப் பல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மேலே இருந்த விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். தூக்கம், பேச்சு, திட்டம், தாராளம், பாட்டு. ஒன்று விடாமல் என் முதல் ஏற்றத்தின் ஜெராக்ஸ்.

இந்த நோய் குடும்பத்தில் தொடரலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அப்போது அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என் மூக்கு அவளுக்கு வந்திருக்கிறது, அதற்கே அவள் என்னை மன்னிக்கவில்லை. இது வேறு வந்துவிட்டால்? எனக்கு வந்ததை நான் எப்படியோ கேலி பேசிச் சமாளித்துவிட்டேன். அவளுக்கு வந்தால் எனக்குக் கேலி பேச வராது. செருப்பை மாட்ட முடியாமல் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டி வந்தால் செத்துப்போவேன் என்று தோன்றியது.

மனைவியிடம் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவளே வந்து நின்றாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஆளை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது கைவந்த கலை.

"இன்னிக்குக் காலையில பாத்ரூம்ல பாட்டுச் சத்தம் கேட்டுச்சே. நீங்களா?"

இல்லை என்று சொன்னால் மிச்சம் இருப்பது ஒரே ஆள். இத்தனை வருஷமாக என்மேல் இருக்கிற இரண்டு கண்ணும் அப்படியே மகள் பக்கம் திரும்பும். அவள் சிரித்தால் கேள்வி, தூங்காவிட்டால் கேள்வி, மாமன் தற்செயலாக வந்துபோவார். அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

"பொம்பளைக் குரல் மாதிரி இருந்துச்சு."

"ஜலதோஷம்."

ஜலதோஷம் பிடித்தால் குரல் கட்டைக்குரலாகும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் மனைவிக்கு அதிலெல்லாம் சந்தேகம் வரவில்லை. என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் எப்போது வேண்டுமானாலும் மேலே போவேன் என்கிற நம்பிக்கை. மாலைக்குள் மச்சான் வந்துவிட்டார். என் சட்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், "புதுசா எதுவும் வாங்குற ஐடியா இருக்கா மாப்ள?" என்று விசாரித்தார். மறுநாளே டாக்டரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "நானும் வரேன்" என்றாள் மனைவி. "என்னைத் தூக்கிட்டுப் போக வேண்டாம், நானே நடந்து போறேன்" என்றேன். உள்ளூர எனக்கு வசதியாகத்தான் போயிற்று. டாக்டரிடம் என்னைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமே இல்லை. மகளைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அவளை எப்படி அவரிடம் அழைத்துப்போவது, என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

காத்திருக்கும் அறை எனக்கு மாமியார் வீடு மாதிரி. எந்த நாற்காலி ஆடும், எந்த மின்விசிறி காற்றுத் தரும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆடாத நாற்காலியைத் தேடிப் போனால், அதில் கண்ணாடிக் கடையின் நீலச் சட்டையோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேருமே கையும் களவுமாகப் பிடிபட்டோம். முதலில் சுதாரித்தது அவள்தான்.

"நீங்க எதுக்குப்பா வந்தீங்க? உங்களுக்குப் போன வாரம்தானே பாத்தாங்க?"

"நான் பாத்ரூம்ல பாடுனேன்னு புகார்."

"பாடுனது நான்."

"தெரியும்."

அவள் பையின் பட்டையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "எனக்கும் வந்துடுச்சோன்னு பயமா இருக்குப்பா" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "தூக்கமே வர மாட்டேங்குது. காரணமே இல்லாம சிரிப்பு வருது. நேத்து ஒருத்தருக்கு வலது கண்ணு பவரை இடது கண்ணுக்குப் போட்டுட்டேன். எதைப் பாத்தாலும் நல்லாருக்கு. எல்லாமே நல்லாருந்தா அது நல்லதில்லைன்னுதானே நம்ம வீட்ல..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நான் ஆடுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அவளுக்கு என் நோய் வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டு வந்தேன். அது வந்ததோ இல்லையோ, வீட்டுக்காவல் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. வெளியிலிருந்து ஆள் போட வேண்டிய அவசியமே இல்லாமல் தன்னைத் தானே காவல் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்திலேயே அனுபவசாலி நான். தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டர் தோரணையில் ஆரம்பித்தேன்.

"யாரு அவன்?"

அவள் முகம் சிவந்தது. பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

கடை இருக்கிற கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்காம். ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, இவள் உள்ளே. அவர் வெளியே நின்று வேலை பார்த்துக்கொண்டே, பயப்படாமல் இருப்பதற்காகக் கதவு வழியாகப் பேச்சுக் கொடுத்தாராம். கதவு திறந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. நீச்சல் தெரிந்தவராம். ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தொழில், எனக்கு நோய். சம்பந்தம் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அவர் ஃபோன் பண்ணலைன்னா?"

"அழுகையா வரும்."

"அவர் பேசும்போது நீ கேப்பியா, இல்ல நீயே பேசிட்டிருப்பியா?"

"ஒவ்வொரு வார்த்தையும் கேப்பேன். மறுநாள்கூட ஞாபகம் இருக்கும்."

"அப்போ கேட்டுக்கோ. நான் மேல இருந்த அத்தனை நாள்லயும் உங்கம்மா சொன்ன ஒரு வார்த்தைகூட என் காதுல விழல. அழுதாளாம், அதுவும் தெரியல. அந்தச் சந்தோஷத்துக்குப் பக்கத்துல இன்னொரு ஆளே தேவையில்ல. நான் யாருக்காகவும் காத்துக்கிட்டிருந்ததே இல்ல. நீ ஒரு ஃபோனுக்காக உயிரை விட்டுட்டிருக்கே. அதோட, மேல இருக்கும்போது இந்த வாசப்படிய நானா மிதிச்சதே இல்ல. நாலு பேர் தூக்கிட்டு வரணும். நீ பர்மிஷன் போட்டுட்டு வந்திருக்கே."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம். டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினோம்.

டாக்டர் அவளிடம் நிறையக் கேள்வி கேட்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டும் கேட்டார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு இரண்டு பேருக்குமாகச் சொன்னார். "இதுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடத்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வர்றதில்ல. இப்போ நான் பாக்குறதுல எதுவும் நோய் மாதிரி தெரியல. தூக்கம் இல்லாமலே தெம்பா இருக்கே, யார் சொன்னாலும் நிறுத்த முடியலைன்னு ஆச்சுன்னா உடனே வாங்க. வெளியில நீங்க சொன்னதையெல்லாம் உங்க பொண்ணு சொன்னாங்க. அது மருத்துவம் இல்ல, ஆனா ரொம்பத் தப்பும் இல்ல." பேனாவை மூடி வைத்தார். "காதலுக்கு நான் மாத்திரை எழுதறதில்ல."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று பேசினோம். "பாடுனது நீதான்னு இப்போ சொன்னா அம்மா உடனே என்னை விட்டுட்டு உன்னைப் பிடிச்சுக்குவா. அந்த மெக்கானிக்கை ஒருநாள் கூட்டிட்டு வா, அந்த நாற்காலியில உக்கார வெச்சு விசாரிப்போம். வாயைத் திறந்தாருன்னா பல்லையும் பாத்துடலாம்" என்றேன்.

அவளுக்குப் பீறிட்டுச் சிரிப்பு வந்தது. வந்த உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்தப் பழக்கம் உண்டு. மேல்வரிசையில் அவளுக்கு ஒரு தெத்துப்பல். அதை மறைக்கத்தான் வாயைப் பொத்துகிறாள் என்று தொழில் புத்தியோடு நானே முடிவு செய்து வைத்திருந்தேன். பிறத்தியார் வாயில் இல்லாத குறையையும் கண்டுபிடிக்கிற ஆள் ஆயிற்றே நான். இப்போதும் அதைத்தான் சொன்னேன்.

"எத்தனை தடவை சொல்றேன், டாக்டரம்மாகிட்ட சொல்லிக் கம்பி போட்டா அந்தப் பல் நேராயிடும். அதுக்குப் போய் எதுக்கு வாயைப் பொத்திட்டே இருக்கே?"

அவள் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். "பல்லுக்காக இல்லப்பா."

"பின்னே?"

"அந்த வருஷம் உங்களை ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்ல. அப்போ அம்மா சொன்னாங்க. வீட்ல சத்தமா சிரிக்காதடா, அப்பாவுக்கு மறுபடி ஏறிடும்னு."

அப்போது அவள் பத்து வயதுப் பிள்ளை. அதைக் கேட்டுக்கொண்டு, தன் சிரிப்பில்தான் அப்பாவின் உயிர் இருக்கிறது என்று நம்பி, இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். மனைவியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கும் அப்போது யாரும் துணையில்லை, பயத்தில் கையில் கிடைத்ததைச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதால் அதற்கும் ஒரு பேர் வைத்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன். என் கை வழக்கம்போல நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நல்லா சத்தமா சிரிம்மா. நான் மாத்திரை போட்டிருக்கேன்."

சிரித்தாள். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி, தெத்துப்பல் தெரியத் தெரியச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. நாங்கள் அடுத்த பஸ்ஸில் வந்தோம்.